கதை படிக்க எதற்கு இத்தனை மூட்டை?

இணையத்தில் ஒரு சிறுகதை போட என்ன வேண்டும்? எழுத்து, அதைச் சுற்றிக் கொஞ்சம் எச்டிஎம்எல். அவ்வளவுதான். 1990களிலேயே தீர்ந்துபோன விஷயம் இது. இன்று 'நவீனமாக்கப்பட்ட' சில இதழ்களின் சோர்ஸைத் திறந்து பாருங்கள்: காலியாக ஒரு டிவ், கீழே பெரிய ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை. மூட்டை இறங்கி, ஓடி, சர்வரிடம் மறுபடி போய்க் கேட்டு வாங்கி வந்தால்தான் கதை கண்ணில் படும்.

நான் விரும்பிப் படித்த இதழ் ஒன்று இப்படித்தான் புதுப்பிக்கப்பட்டது. இப்போது கதையின் தலைப்பை எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் தேடலில் வருவதில்லை.

"அதான் கூகுளே ஸ்கிரிப்டை ஓட்டுதே" என்பார்கள் என் தொழில்காரர்கள். ஓட்டுகிறது, யார் இல்லை என்றது? 2019 முதல் கூகுள்பாட் புதிய குரோமியத்தோடுதான் வருகிறது. ஆனால் முதலில் அது எடுப்பது வெறும் எச்டிஎம்எல். ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்க, பக்கம் தனி வரிசையில் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு கோப்பு தடுக்கினால் அதன் கையில் மிஞ்சுவது காலி டிவ். 'மேலும்' பட்டனுக்குப் பின்னால் பத்துக் கதைகளை ஒளித்திருக்கிறீர்களா? கூகுள்பாட் பட்டனை அமுக்காது. அது பின்தொடர்வது ஏ டேக்கில் எழுதிய முகவரியை.

வியாதி பழசு. முகவரியில் ஹேஷுக்குப் பின்னால் வருவது சர்வருக்குப் போகவே போகாது. அதற்கு 2009இல் கூகுள் ஒரு ஒட்டுவைத்தியம் சொன்னது: ஹேஷோடு ஓர் ஆச்சரியக்குறி சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் அதை வேறு முகவரியாக மாற்றிக் கேட்கிறோம். ட்விட்டர் அதைப் பிடித்துக்கொண்டு 2012இல் கைகழுவியது. 2011 பிப்ரவரியில் காக்கர் தளங்கள், ஸ்கிரிப்ட் ஏறாததால் கட்டுரை ஒன்றும் தெரியாமல் வெற்றுத்தாளாக நின்றன. 2015இல் கூகுளும் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. இவ்வளவு பார்த்த பிறகும் நாம் அதே பள்ளத்தைப் புது ஃபிரேம்வொர்க் போட்டு வெட்டுகிறோம்.

வங்கிச் செயலிக்கும் வரைபடத்துக்கும் ஸ்கிரிப்ட் வேண்டும், சரி. சிறுகதைக்கு எதற்கு? பொறியாளரின் ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடுவதற்காக ஓர் எழுத்தாளரின் பத்து வருஷ உழைப்பு காணாமல் போகணுமா?

இதழாசிரியர்களே, அடுத்த தடவை தளம் செய்து தருபவரிடம் பணம் கொடுக்கும் முன் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒரு கதையைத் திறங்கள். தெரியவில்லையென்றால், பக்கத்தைச் சர்வரிலேயே முழுசாகச் செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு கதைக்கும் தனி முகவரி கேளுங்கள். "அதெல்லாம் பழைய முறை சார்" என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.