மிஞ்சியது நாலரை ஜி.பி.

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் டேட்டாபேஸ் கோளாறு ஒன்றோடு நெடுநேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துணை சர்வரில் இருப்பதாக நினைத்து, ஒரு ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அது முதன்மை சர்வர். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி.தான்.

பேக்கப்பைத் தேடினால், அது ஒழுங்காக எடுக்கப்படவே இல்லை. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டிய நிறுவனம், பிறகு நடந்ததையெல்லாம் விரிவான அறிக்கையாகவும் வெளியிட்டது.

மென்பொருள் வேலைக்கு நேர்காணல் போகிற ஒவ்வொருவரும் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். “உங்கள் வேலையில் நடந்த ஒரு தவறைச் சொல்லுங்கள்” என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடைப்பது அரிது.

கோடிங் சுற்றுக்காக நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பார்ப்பவர்கள், இந்தக் கேள்விக்கு ஒரு மாலையைக்கூட ஒதுக்குவதில்லை. அமேசானில் இதை ஒப்புக்குக் கேட்பதில்லை. அங்கே 16 தலைமைப் பண்புகள் இருக்கின்றன. கடைசி இரண்டும் 2021இல் சேர்ந்தவை. அவற்றை விண்ணப்பதாரர் செய்த வேலையில் வைத்துத் தோண்டுவார்கள். “எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் என் பலவீனம்” என்று ஒப்பித்தால், “எந்த வேலையில்? அப்போது என்ன செய்தீர்கள்?” என்ற அடுத்த கேள்வியிலேயே பதில் சரிந்துவிடும்.

பதிலைச் சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படிகளில் சொல்வதை ‘ஸ்டார்’ முறை என்பார்கள். சூழலுக்கே பாதி நேரத்தைக் கொடுத்துவிட்டு, செயலை ஒரே வரியில் தாண்டுவதுதான் பலரும் செய்கிற பிழை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘நான்’ என்றால் தற்பெருமை என்று கூசி, “டீமில் பண்ணினோம், சரிசெய்தோம்” என்று ‘நாங்கள்’ போட்டே முடிப்பார்கள். அடக்கம் நல்லதுதான். ஆனால் கேட்பவருக்கு அந்தக் கூட்டத்தில் இவர் எங்கே நின்றார் என்று தெரியவே தெரியாது. “லாகை நான் பார்த்தேன், ரோல்பேக் செய்யலாம் என்றேன், சீனியர் மறுத்தார்” என்பது பெருமையடிப்பதாகாது; நடந்ததைச் சொல்வது.

இதற்குத் தயாராவது நினைவைத் தோண்டுகிற வேலை. பழைய டிக்கெட்டுகள், கோட் ரிவ்யூ சண்டைகள், நள்ளிரவில் எழுப்பிய அழைப்புகள். ஆறேழு சம்பவங்களைத் தேதியோடும் எண்களோடும் எழுதி, நண்பர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். கிளையன்ட் பெயரை மட்டும் விட்டுவிட வேண்டும்.

“அதன் பிறகு எதை மாற்றினீர்கள்?” என்று கட்டாயம் கேட்பார்கள். கிட்லேப் எழுதி வைத்த திருத்தங்களில் மிகச் சிறிய ஒன்றும் இருந்தது: எந்த சர்வரில் வேலை செய்கிறோம் என்பது கட்டளை வரியிலேயே பளிச்சென்று தெரிய வேண்டும்.