விருந்தாளி காட்டிய ஊர்



என் தம்பி மகள் சிங்கப்பூரில் முதுகலை படிக்கிறாள். அங்கே மே முதல் வாரம் தேர்வு முடிந்தால் ஆகஸ்டில்தான் மறுபடி வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இவளுக்குப் பேராசிரியரின் ஆய்வகத்தில் சின்னதாக ஒரு வேலை கிடைத்தது, தங்கிவிட்டாள். ஜூன் தொடக்கத்தில் போனில் பேசும்போது, "லீவுல எங்கயாவது சுத்திப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"என்னத்த பெரியப்பா பாக்க? எல்லாம் நம்ம ஊர் மாதிரிதான் இருக்கு. அதே தென்னை, அதே வேர்வை."

பத்து மாதமாக அந்த ஊரில் இருக்கிற பிள்ளை. விடுதி, ஆய்வகம், ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும். அவளுடைய சிங்கப்பூர் அவ்வளவுதான். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் சென்னைக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. அடையாறு ஆலமரத்தைப் பார்த்தது ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து, "மெட்ராஸ்ல இருக்க, இதைப் பாக்கலையாடே?" என்று இழுத்துக்கொண்டு போனபோதுதான். விருந்தாளி வந்தால்தானே நாம் வீட்டு ஒட்டடையே அடிக்கிறோம்!

ஜூன் மூன்றாவது வாரம் அவளுடைய கல்லூரித் தோழிகள் இருவர் வந்து இறங்கினார்கள். ஒருத்தி பாளையங்கோட்டை, இன்னொருத்தி தென்காசி. இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாடு. பன்னிரண்டு நாள் பயணம். பெட்டியில் பாதி உடுப்பு, மீதி அல்வாவும் முறுக்கும் பருப்புப் பொடியும். அந்தப் பன்னிரண்டு நாளும் ராத்திரி எனக்கு ஒரு போன் வரும். கேட்டதில் கொஞ்சத்தை, மூவரின் அனுமதியோடு, இங்கே சொல்கிறேன்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டைப் பெண் எழுந்து ஜன்னலைத் திறந்திருக்கிறாள். வெளியே கும்மிருட்டு. "ஏட்டி, உங்க ஊர்ல எப்பதான் விடியும்?" ஏழு மணிக்கு. வருஷம் முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டர்தான் தள்ளி இருக்கிறது. அங்கே டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். கோடை, குளிர் என்ற கணக்கே கிடையாது. கோடை விடுமுறை என்பது காலண்டரில் மட்டும்தான். விடியல் ஏழு மணிக்குப் போனதற்குக் காரணம் சூரியன் இல்லை, கடிகாரம். 1982-ல் மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிவிட்டது. பத்து மாதம் இருட்டில் பல் தேய்த்தவளுக்கு இது ஏன் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. வந்தவள் முதல் நாளே கேட்டாள்; அதற்குப் பிறகுதான் நம்மவள் தேடிப் படித்திருக்கிறாள்.

மறுநாள் உபின் தீவு. சாங்கி முனையில் படகுத்துறை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நம் ஷேர் ஆட்டோ கணக்குதான். பதினோரு பேர் சேர்ந்து, பன்னிரண்டாமவருக்குக் காத்திருந்தபோது மேற்கே வானம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் சுழற்றி அடித்த காற்றும் மழையுமாக ஒரு மணி நேரம் யாரும் அசைய முடியவில்லை. அதற்கு 'சுமத்ரா' என்றே பெயராம். சுமத்ரா தீவின் பக்கம் ராத்திரியில் திரண்டு, மலாக்கா ஜலசந்தியைத் தாண்டி, விடிகாலையிலோ காலையிலோ வந்து அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். இதையும் படகுக்காரர் சொல்லித்தான் நம்மவள் தெரிந்துகொண்டாள். அதுவரை அவளுக்கு அது 'காலைல சில நாள் மழை பெய்யும்' என்பதுதான்.

உபின் பத்து சதுர கிலோமீட்டர் தீவு. பழைய கருங்கல் குவாரிகள் தண்ணீர் நிறைந்து குளமாகக் கிடக்கின்றன. வாடகை சைக்கிளில் சுற்றலாம். கிழக்குக் கோடியில் செக் ஜாவா என்ற சதுப்புக் கடற்கரை. 2001-ல் அதை மண்கொட்டி மூடுவதாக இருந்தார்கள். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள், பார்த்ததை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள், திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இப்போது அலையாத்திக் காட்டின் நடுவே மரப்பாதை போட்டிருக்கிறார்கள். கீழே சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள், யாரையோ கூப்பிடுவதுபோல அதை ஆட்டிக்கொண்டிருந்தனவாம்.

அங்கேதான் இருவாச்சிப் பறவையைப் பார்த்தார்கள். தென்காசிப் பெண் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிறந்தவள். இருவாச்சி என்று கேள்விப்பட்டதுண்டு, கண்ணால் கண்டதில்லை. அதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு வழியாக ஆண் பறவை இரை ஊட்டும். சிங்கப்பூரில் இந்தப் பறவை நூறு வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. 1994-ல் உபினில் மறுபடி தலைகாட்டியது. இப்போது நகரத்துக்குள்ளேயே பறக்கிறது. "எங்க ஹாஸ்டல் மரத்துல தினமும் கத்துற பறவை இதுதான் போல பெரியப்பா. நான் காக்கானு நினைச்சேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து பினாங்கு. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் தங்கலாம். ஆனால் போவதற்கு முன் இணையத்தில் வருகை அட்டை நிரப்பியாக வேண்டும். பாளையங்கோட்டைப் பெண் நிரப்பவில்லை. ஜொகூர் எல்லையில் நடுராத்திரி, கைப்பேசியில் அவள் அதை நிரப்பி முடிப்பதற்குள் இவர்கள் வந்த பஸ் கிளம்பிவிட்டது. நல்லவேளை, பைகள் கையில் இருந்தன. அதே கம்பெனியின் அடுத்த பஸ்ஸில் இடம் கிடைக்க ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அல்வா தீர்ந்தது. கூடவே ஒரு விளையாட்டும் பிறந்தது. பெயர்ப்பலகைகளில் உள்ள மலாய்ச் சொற்களில் தமிழைக் கண்டுபிடிப்பது. கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி'. குளம் 'கோலாம்' ஆகியிருக்கிறது. பஸ் வருவதற்குள் பதினாலு சொல் சேர்த்துவிட்டார்களாம்.

காலையில் பினாங்குப் பாலம். 1985-ல் திறந்தது, பதிமூன்றரை கிலோமீட்டர். பாலத்தில் ஏறியதும் இடது பக்கம் ஜெரஜாக் என்ற சின்னத் தீவு தெரியும். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த கூலிகளை, நோய் நொடி இல்லை என்று தெரியும்வரை அடைத்துவைத்த இடம். தென்காசிப் பெண்ணின் பூட்டனார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பால்மரம் சீவப் போனவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் நாற்பது வருஷங்களுக்கு மேல் நம் ஜனங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. பூட்டனார் திரும்பி வந்துவிட்டார். வந்தவர் பினாங்கைப் பற்றி அதிகம் பேசியதில்லை. தீவில் அடைத்துவைத்த கதையை மட்டும் பேத்திகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவள் அந்தத் தீவு மறைகிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள் என்று என் தம்பி மகள் சொன்னாள். (ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தேன். பினாங்கை அதைவிட நன்றாகத் தமிழில் யார் காட்டியிருக்கிறார்கள்? எடுத்துப் போகவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.)

ஜார்ஜ் டவுனில் மத்தியானச் சாப்பாடு நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் காவுத்தடி. தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகச் சுமந்து, துறைமுகத்து வேலையாட்களுக்கு விற்ற சாப்பாடு. இன்று மலேசியா முழுக்கக் கடை இருக்கிறது. சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கறிக் குழம்பு எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி ஊற்றுவார்கள். தாராளமாக வேண்டுமென்றால் 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். வெள்ளம் என்று அர்த்தம். கல்லாவில் இருந்த பெரியவர் இவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். தென்காசி என்றதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். அவருடைய வாப்பா கடையநல்லூர். எழுபது வருஷத்துக்கு முன்னால் வந்தவர். இவர் பிறந்தது பினாங்கில். கடையநல்லூரை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார். ஆனால் "பெரியகுளத்துல தண்ணி கிடக்கா?" என்று நேற்றுத்தான் கிளம்பி வந்தவரைப் போலக் கேட்டாராம். சாப்பாட்டுக்குக் காசு வாங்கினார். தேநீருக்கு வாங்கவில்லை.

அங்கிருந்து கடாரம் பார்க்கப் போனதையும் சொல்ல வேண்டும். கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரம். ஓடைக்கரையில் பழைய கோயில் ஒன்றின் கல் அடித்தளம், ஒரு சிறிய அருங்காட்சியகம். அவ்வளவுதான். 1025-ல் ராஜேந்திர சோழனின் படை வந்துபோன நாடு என்று பெருமையோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். படை எடுத்து வந்தவர் திரும்பிப் போய்விட்டார்; சோற்றுக் காவடி எடுத்து வந்தவர் தங்கிவிட்டார். என்னைக் கேட்டால் இரண்டாமவர்தான் பெரிய ஆள்.

கடைசி நாள் துரியன். பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், மலையைத் தாண்டினால் பாலிக் புலாவ். ஜூன், ஜூலையில் அங்கே அதுதான் பேச்சு. காயைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழ வேண்டும், அதற்காக மரத்தடியில் வலை கட்டியிருக்கிறார்கள். துரியன் பூ சாயங்காலம் மலரும். மகரந்தம் சேர்ப்பது வௌவால்கள். கடைக்காரச் சீனத் தாத்தா கெட்டியான கையுறை போட்டுக்கொண்டு, பழத்தைக் காதோரம் ஆட்டிப் பார்த்து, காம்பை முகர்ந்து, கத்தி முனையை முள்ளுக்கு நடுவில் உள்ள தையலில் செருகித் திருப்பினார். உள்ளே அறை அறையாகச் சுளை.

தென்காசிப் பெண்ணுக்கு அது புதிய பழம் இல்லை. குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தான், ரம்புட்டானோடு துரியனும் வரும். ஆனால் அங்கே அதை யார் தேடி வாங்குவார்கள் என்பது அந்தப் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும். சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்று நம்பி, பிள்ளையில்லாத தம்பதிகள் வாங்குகிற பழம். கல்யாணமாகாத மூன்று பெண்கள் ஆளுக்கு இரண்டு சுளை சாப்பிட்டுவிட்டு, "எங்கம்மாவுக்கு மட்டும் போட்டோ அனுப்பிராதட்டி" என்று சிரித்திருக்கிறார்கள். ருசி எப்படி என்றேன். "சீத்தாப்பழத்தை நெய்யில குழைச்சு, பக்கத்துல வெங்காயம் நறுக்கி வச்ச மாதிரி" என்றாள். தின்றவர்கள் சரியா என்று சொல்லுங்கள். தாத்தா துரியன் ஓட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் கை கழுவச் சொன்னாராம். அப்போதுதான் வாடை போகுமாம். போகவில்லை.

தோழிகள் ஊர் திரும்பிவிட்டார்கள். நம்மவள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே படகுத்துறைக்குப் போகிறாள். பன்னிரண்டாவது ஆளாக.

இந்தக் கதையை இந்தப் பக்கத்தில் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 'ஐந்து பகல், நான்கு இரவு, தென்னிந்தியச் சாப்பாட்டுடன்' என்ற விளம்பரம் வாரம் ஒன்றாவது நம் அலுவலகத்துக்கு வருகிறது. போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போக அதுதான் வசதி. ஆனால் சமையல்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு போனால், கடையநல்லூர்க்காரர் மகனின் கடையில் எப்படி உட்காருவது? உங்கள் மகனோ, மகளோ, தோழியோ, பக்கத்து வீட்டுப் பையனோ எங்கேயாவது படிக்கப் போயிருந்தால், படிப்பு முடிவதற்குள் ஒரு முறை போய்விட்டு வாருங்கள். சிங்கப்பூர்தான் என்றில்லை, பாட்னாவாக இருந்தாலும் சரி. நீங்கள் போனால்தான் அவர்களும் அந்த ஊரைப் பார்ப்பார்கள்.

போய் வந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பார்த்த இடங்களின் பட்டியல் வேண்டாம். உங்களை அழைத்துப் போனவர் அந்த ஊரில் புதிதாக எதைப் பார்த்தார் என்று எழுதுங்கள். நல்லவற்றை அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறோம். துரியனைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம், அதை நான் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்