கண்ணாடி போட்ட பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காதா?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறோம். பாடசாலை போகும் பிள்ளை உள்ள உம்மாமாரும் வாப்பாமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

எம்.ஓ.எச். அலுவலகத்திலிருந்து பாடசாலைக்கு வருவார்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கும். எழுத்து அட்டையைச் சுவரில் தொங்கவிட்டு, ஆறு மீற்றர் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி மற்றக் கண்ணால் வாசிக்கச் சொல்வார்கள். வாசிக்க முடியாத பிள்ளையிடம் கண் கிளினிக்குக்குப் போகும்படி ஒரு துண்டு கொடுத்தனுப்புவார்கள். அந்தத் துண்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது வகுப்பில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். தவணை முடியும்போது பிள்ளையின் பேக்குக்கு அடியில், பென்சில் சீவிய குப்பையோடு நாலாக மடிந்து கிடக்கும்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் வரும் பதில்கள் எங்களுக்கு மனப்பாடம். "சின்னப் புள்ள சேர், வளர வளரச் சரியாகும்." "இப்பவே கண்ணாடி போட்டா கண் பழகிடும், பிறகு கழட்ட ஏலாது." "பொன்னாங்கண்ணி குடுக்கிறம்." கடைசியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு: "பொம்புளப் புள்ள டீச்சர். கண்ணாடி போட்டா நாளைக்கு யார் கேட்டு வருவாங்க?"

கண் பழகிவிடும் என்ற கதையை முதலில் எடுப்போம். பக்கத்தில் உள்ளது தெரிந்து தூரத்தில் உள்ளது மங்கினால் அது குறும்பார்வை. பெரும்பாலும் கண்கோளம் அளவுக்கு மிஞ்சி நீளமாக வளர்வதால் வருவது. உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுகிறது. கண்ணாடி செய்வதெல்லாம் அந்த உருவத்தைச் சரியான இடத்தில் விழ வைப்பதுதான். அது கண்ணைக் கெடுப்பதில்லை. மலேசியாவில் ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் குறும்பார்வை வேகமாகக் கூடியிருந்தது.

வளர வளரச் சரியாகுமாம்! வளரும் வயதில்தான் அது கூடும். தரம் 1இல் துண்டு வாங்கிய பிள்ளையின் விஷயம் இன்னும் அவசரமானது. ஒரு கண் நன்றாகத் தெரிந்து மற்றக் கண் மங்கலாக இருந்தால், மூளை அந்த மங்கல் கண்ணைக் கைவிட்டுவிடும். ஏழெட்டு வயதுக்குள் பார்த்தால் மீட்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பெரியவளான பிறகு எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினாலும் அந்தக் கண் முழுதாகத் திரும்புவது கஷ்டம்.

பொன்னாங்கண்ணி நல்ல கீரை. கொடுங்கள். விற்றமின் ஏ குறைந்தால் இரவில் கண் தெரியாது, அதற்கு உதவும். நீண்டுபோன கண்கோளத்தை எந்தக் கீரையும் சுருக்காது.

இனி மாப்பிள்ளைக் கதை. நாற்பது வயதில் வாப்பாவுக்கு வெள்ளெழுத்து வந்து, வட்ஸ்அப் வாசிக்கக் கண்ணாடி வாங்கும்போது ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. மௌலவி போட்டால் மரியாதை. டொக்டர் போட்டால் பெருமை. எட்டாம் தரம் படிக்கும் பிள்ளை போட்டால் மட்டும் குடும்பத்துக்குக் குறையா? கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதி, அந்தப் பிள்ளை விட்ட பிழையையும் சேர்த்து எழுதி, கணக்கில் முப்பது எடுத்து, "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்ற பெயரையும் வாங்கிக்கொள்கிறாள். கண்ணாடி வாங்காததால் மிச்சப்பட்டது என்ன? பெண் பார்க்க வருகிறவர்களிடம் இப்படி மறைத்துக் கட்டிக்கொடுப்பது மட்டும் சரியா?

ஃபோனைத் திட்டுவது இலேசு, எல்லோரும் திட்டுகிறோம். திட்டத்தான் வேண்டும். ஃபோனோ புத்தகமோ, ஒரு முழ தூரமாவது தள்ளி வைத்துப் பார்க்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி இருபது அடிக்கு அப்பால் பார்க்கட்டும், களைப்புத் தீரும். ஆனால் குறும்பார்வை வராமல் தள்ளிப்போடுவதற்கு இதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைப் பிடுங்கியது ஃபோன் மட்டுமில்லை, நமது டியூஷனும்தான்.

அது வெளிவெளிச்சம். வகுப்பறையின் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸைத் தாண்டாது. வெளியே மர நிழலில் நின்றாலே அதைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் சுரந்து கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதே இப்போதைய விளக்கம். (சூரியனைப் பார்க்கச் சொல்லவில்லை, நிழல் போதும்.) சீனாவின் குவாங்சூ நகரில் 12 பாடசாலைகளில் செய்து பார்த்தார்கள். பாதிப் பாடசாலைகளில் தரம் 1 பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம் மேலதிகமாக வெளியில் ஒரு பாடவேளை. மூன்று வருடத்தில் வழமைபோலப் படித்த பிள்ளைகளில் 39.5 வீதத்தினருக்குக் குறும்பார்வை வந்தது. வெளியில் விட்ட பிள்ளைகளில் 30.4 வீதம். தாய்வான் 2010 முதல் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வெளியே என்று பாடசாலைகளைத் தூண்டியது. கூடிக்கொண்டே போன கண் குறைபாடு சில வருடங்களில் இறங்கத் தொடங்கியது. வந்த குறும்பார்வையை இது திருப்பாது. வராத பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு.

நம் ஊரில் அந்த இரண்டு மணித்தியாலம் எங்கே? ஒன்றரைக்குப் பாடசாலை விடுகிறது. இரண்டரைக்குப் புலமைப்பரிசில் வகுப்பு, தகரக் கொட்டிலில், இரண்டு பல்ப் வெளிச்சத்தில். அது முடிந்தால் இன்னொரு வகுப்பு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வெயில் தணிந்து, வெளிச்சம் குறையாமல், அல்லாஹ் தந்த இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. அந்த நேரம் மைதானத்தில் பெரிய பொடியன்மாரின் மெட்ச். சின்னப் பிள்ளைகள் உள்ளே. பெண் பிள்ளைகளோ தரம் ஆறு தாண்டினால் வீட்டு முற்றத்துக்கும் வருவதில்லை. கண்ணுக்கு ஆண், பெண் தெரியாது. மதில் கட்டிய பாடசாலை வளவு பின்னேரங்களில் சும்மா பூட்டிக் கிடக்கிறது. உம்மாமார் இரண்டு பேர் கூட நின்றால் பிள்ளைகள் ஓடி விளையாடத் தாராளமாகப் போதும்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் டியூஷன் நடத்தும் சகோதரர்களிடமும் பகிரங்கமாகக் கேட்கிறோம். தரம் 5 வரையுள்ள பிள்ளைகளுக்கு அஸர் முதல் மஃரிப் வரை எந்த வகுப்பும் வேண்டாம். வருமானம் குறையும் என்பார்கள். ஒரு வகுப்பை மஃரிபுக்குப் பின் வைக்கலாம், சனிக்கிழமை காலையில் வைக்கலாம். பக்கத்து ஊரில் படிப்பிக்கிறார்களே, வெட்டுப்புள்ளியை நம் பிள்ளைகள் தாண்ட வேண்டாமா என்பார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை எந்தப் புள்ளியைத் தாண்டும்?

பேக்கில் துண்டு இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். எத்தனை மாதம் கடந்திருந்தாலும் அதைக் கொண்டு அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. கண்ணாடி வாங்க வசதி இல்லாத வீடுகளின் விபரத்தை வகுப்பாசிரியரிடம் இரகசியமாகச் சொல்லுங்கள், பழைய மாணவர்களிடம் பேசி ஒழுங்கு செய்யலாம். நிர்வாகம் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் எந்த இஷாவுக்குப் பிறகும் வர நாங்கள் தயார்.