ரையன் ஹவார்டும் இடதுகைப் பூச்சாண்டியும்

டிஸ்கி: முழுக்க முழுக்க பேஸ்பால் பதிவு. நம்பர்னாலே அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. கிரிக்கெட் மட்டும் பார்க்குறவங்க தைரியமா உள்ளே வரலாம், அங்கங்கே விளக்கம் உண்டு.

பிலடெல்ஃபியா ஃபில்லீஸ் ரசிகர் ஒருத்தர்கிட்ட போய் "ஹவார்டுக்கு இடதுகை பிட்சிங் ஆடத் தெரியாது"ன்னு சொல்லிப் பாருங்க. உடனே ஒரு பட்டியல் வரும். 2006-ல 58 ஹோம் ரன், 149 ஆர்.பி.ஐ., எம்.வி.பி. விருது. 2007-ல 136 ஆர்.பி.ஐ. 2008-ல 146, அந்த வருஷம் கோப்பையும் வந்தாச்சு. 2009-ல 141. "இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னய்யா செய்யணும்?"

நல்ல கேள்விதான். ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் அது இல்லையே! நான் கேட்டது இடதுகை பிட்சர் வந்தா என்ன ஆகுதுன்னு. அவர் சொல்றது மொத்த வசூல் கணக்கு.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஹவார்டு இடதுகை பேட்டர். இடதுகை பிட்சர் போடுற ஸ்லைடர் அவருக்கு வெளியே, கீழே விலகி ஓடும். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, இடதுகை ஆட்டக்காரருக்கு ஆஃப் ஸ்பின்னர் போடுற மாதிரி. போதாக்குறைக்கு உலகத்துல இடதுகை பிட்சர்கள் கம்மி, அதனால பழக்கமும் கம்மி. எல்லா இடதுகை பேட்டருக்குமே இந்தப் பிரச்சினை கொஞ்சம் உண்டு. கேள்வி ஹவார்டுக்கு அது எவ்வளவு என்பதுதான்.

2009-ஐ எடுத்துக்குங்க. வலதுகை பிட்சர்களுக்கு எதிரா சராசரி .320-ஐ ஒட்டி. இடதுகைக்கு எதிரா .207. அதாவது முதல் ஆள் வந்தா பத்துக்கு மூணு தடவைக்கு மேல ஹிட், ரெண்டாவது ஆள் வந்தா பத்துக்கு ரெண்டுதான். அந்த சீசன்ல அடிச்ச 45 ஹோம் ரன்ல பெரும்பகுதி வலதுகைக்காரங்ககிட்ட இருந்து வந்தது. ஒரே சட்டைக்குள்ள ரெண்டு ஆட்டக்காரர் இருந்த மாதிரி!

இங்கேதான் படிச்ச கோஷ்டி உள்ளே வரும். "ஸ்மால் சாம்பிள் சாமி, சின்ன எண்ணிக்கை, இதை வச்சு எதுவும் சொல்ல முடியாது." இந்த வாக்கியத்தை மந்திரம் மாதிரி ஓதுறவங்க மேலதான் எனக்குக் கோபமே. ஏன்னா பாதி உண்மை அது. கணக்கைப் போட்டே பார்த்துடுவோம். நிஜத்திறமை .270 இருக்கிற ஒருத்தர் 30 தடவை மட்டையைப் பிடிச்சா, அதிர்ஷ்டம் மட்டுமே சராசரியை ஏறக்குறைய 80 புள்ளி மேலேயோ கீழேயோ தள்ளிடும். .190-ம் வரும், .350-ம் வரும். அதனால ஏப்ரல் மாசம் நாலு ஆட்டத்தைப் பார்த்துட்டு "இவன் லெஃப்டிகிட்ட அவுட்டுடா"ன்னு தீர்ப்பு சொல்றவர் ஜோசியர். அங்கே மந்திரம் சரி.

ஆனா அதே ஆள் 1,500 தடவை ஆடினா அந்த ஆட்டம் சுமார் 11 புள்ளிக்கு சுருங்கிடும். ஹவார்டு தன் வாழ்நாள்ல இடதுகைக்கு எதிரா அதைவிட அதிகம் ஆடியிருக்கார். இடைவெளியோ 11 புள்ளி இல்லை, 60-ஐ ஒட்டி. இதையும் அதிர்ஷ்டம்னு சொன்னா அப்புறம் உலகத்துல எதைத்தான் நம்புறது?

டாம் டேங்கோ, மிட்செல் லிக்ட்மேன், ஆண்ட்ரூ டால்ஃபின் மூணு பேரும் சேர்ந்து எழுதின 'தி புக்' புத்தகத்துல இதுக்கு ஒரு அளவுகோல் உண்டு. இடதுகை பேட்டர் ஒருத்தர் இடதுகை பிட்சர்களுக்கு எதிரா ஆயிரம் வாய்ப்பு ஆடியிருந்தா, அவரோட சொந்த எண்ணில் பாதியை நம்பு, மீதிப் பாதியை எல்லா இடதுகை பேட்டர்களின் சராசரிக்குக் கொடு. இதைவிடக் கறாரா யாரும் கேட்க முடியாது. 2009 முடியும்போதே ஹவார்டு அந்த ஆயிரத்தை ஒட்டி வந்தாச்சு. பாதியை மட்டும் நம்பினாலும் அவர் பள்ளம் மத்தவங்க பள்ளத்தைவிட ஆழம்தான்.

"ஆனா அவருக்குன்னே பொறுக்கி எடுத்த ஸ்பெஷலிஸ்டை அனுப்புறாங்களே, அது அநியாயம் இல்லையா?"ன்னு ஒரு கேள்வி வரும். இது மட்டும் உருப்படியான வாதம். அந்தக் காலத்துல ஒரே ஒரு பேட்டருக்காக ஒரு இடதுகை பிட்சரைக் கொண்டுவந்து, வேலை முடிஞ்சதும் வெளியே அனுப்பலாம். 2020-ல வந்த விதிப்படி, இன்னிங்ஸ் பாதி முடிஞ்சா ஒழிய, குறைஞ்சது மூணு பேட்டருக்குப் போடணும். ஹவார்டு சந்திச்சது சாதாரண லெஃப்டிகளை மட்டும் இல்லை, அவருக்காகவே காத்திருந்த லெஃப்டிகளையும்தான். எண் கொஞ்சம் கூடுதலா மோசமா தெரியுறதுக்கு அது ஒரு காரணம், ஒத்துக்கலாம். ஆனா எதிர் டீம் மேனேஜர்கள் ஏன் அப்படிக் காத்திருந்தாங்க? அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சதுதானே நம்ம எண்ணுலயும் தெரியுது!

2009 வேர்ல்டு சீரிஸ்ல யாங்கீஸ் இதைத்தான் செஞ்சாங்க. ஆறு ஆட்டத்துல நாலை இடதுகைக்காரங்க தொடங்கினாங்க, சி.சி. சபாத்தியா ரெண்டு, ஆண்டி பெட்டிட் ரெண்டு. கடைசி இன்னிங்ஸ்களுக்கு தமாசோ மார்ட்டே, அவரும் இடதுகை. ஹவார்டு 23-க்கு 4 ஹிட், 13 ஸ்ட்ரைக்அவுட். ஒரு வேர்ல்டு சீரிஸ்ல அதுவரை யாரும் அத்தனை வாங்கினதில்லை (2017-ல கோடி பெல்லிஞ்சர் 17 வாங்கி அந்தப் பெருமையை வாங்கிக்கிட்டார்). அதே சீரிஸ்ல, அதே பிட்சர்களை, அதே இடதுகை மட்டையோட சந்திச்ச சேஸ் அட்லி அஞ்சு ஹோம் ரன் அடிச்சார், மூணு சபாத்தியாகிட்ட. ஹவார்டு அடிச்ச ஒரே ஹோம் ரன்னும் பெட்டிட்கிட்டதான், அதையும் சொல்லிடுறேன். ஆறு ஆட்டம் நிரூபணம் இல்லை, எனக்கும் தெரியும். நாலு வருஷ எண் சொன்ன அதே கதையை அது திருப்பிச் சொல்லுச்சு, அவ்வளவுதான்.

ஆர்.பி.ஐ. பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.பி.ஐ. வரணும்னா முன்னாடி யாராவது பேஸ்ல நிக்கணும். ஹவார்டுக்கு முன்னாடி ரோலின்ஸ், விக்டோரினோ, அட்லி நின்னாங்க. 2010 லீக் சாம்பியன்ஷிப் சீரிஸ்ல சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரா ஹவார்டு .318 அடிச்சார், ஆர்.பி.ஐ. பூஜ்யம். உங்க அளவுகோல்படி அவர் அங்கே தண்டம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கோஷ்டி "கடைசி அவுட் எப்பவும் இவர்தான், பயந்தாங்கொள்ளி"ன்னு பேசும். 2010-லயும் 2011-லயும் ஃபில்லீஸ் சீசன் முடிஞ்சது இவர் மட்டையிலதான், ஆனா எதிரே நின்ன பிரையன் வில்சன், கிறிஸ் கார்பென்ட்டர் ரெண்டு பேருமே வலதுகை. இதுக்கும் நம்ம விஷயத்துக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

அப்போ என்ன செஞ்சிருக்கணும்? ஹவார்டை உட்கார வைக்கச் சொல்லலை. லெஃப்டி தொடங்குற அன்னிக்கு நாலாவது இடத்தை ஜேசன் வெர்த்துக்குக் கொடுத்து, ஹவார்டை ஒரு படி கீழே இறக்கினா போதும். வெர்த் வலதுகை, இடதுகை பிட்சர்னா அவருக்கு அல்வா. அட்லி, ஹவார்டு ரெண்டு பேர் நடுவுல அவரை வச்சிருந்தா, இடதுகை ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தரை அனுப்பி ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல முடிக்க முடியாது. மேனேஜர் சார்லி மேனுவல் பெரும்பாலும் ஹவார்டை நாலுலயே வச்சார்.

அதுக்கப்புறம் 2010 ஏப்ரல்ல கையெழுத்தான ஒப்பந்தம். 5 வருஷம், 12.5 கோடி டாலர், அதுவும் 2012-லதான் தொடக்கம், அப்போ அவருக்கு 32 வயசு. கார்பென்ட்டர் போட்ட அந்தக் கடைசிப் பந்தை அடிச்சுட்டு ஓடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, அதை யார் தலையிலயும் கட்டக் கூடாது. ஆனா .207 அச்சுல வந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. முழுநேர நட்சத்திரத்துக்கான சம்பளத்தை, வலதுகைக்காரன் வந்தா மட்டும் நட்சத்திரமா இருக்கிற ஒருத்தருக்குக் கொடுத்தாங்க, 2016 வரைக்கும்.