ஒரே கூரை, இரண்டு அடுப்பு!

தாத்தா-பாட்டிக்கு வீட்டிலேயே தனிப் பகுதி: பிரிவினையா, மரியாதையா?

புது வீட்டுக்குப் பிளான் போடுகிறார்கள். குடும்பமே கூடி உட்கார்ந்திருக்கிறது. பூஜை அறை எந்த மூலையில் என்று ஒருவர் கேட்கிறார். கார் எங்கே நிறுத்துவது என்று இன்னொருவர் கேட்கிறார். பையனுக்குப் படிக்கத் தனி அறை வேண்டும் என்கிறாள் தாய்.

"தாத்தாவும் பாட்டியும் எங்கே இருப்பார்கள்?"

இந்தக் கேள்வி கடைசியில்தான் வருகிறது. மாடிப்படிக்குப் பக்கத்தில் மிஞ்சிய சின்ன அறையைக் காட்டி, "அவர்களுக்கு இது போதும்" என்று முடித்து விடுகிறார்கள். பெரியவர்களும் தலையாட்டி விடுகிறார்கள்.

அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது!

முதியோர் பெருகுகிறார்கள்

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, 60 வயது ஆனவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் இது நூற்றுக்குப் பதினெட்டு ஆகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் விகிதம் அதிகமாக இருப்பது தமிழ்நாட்டில்தான்.

காரணம் இரண்டு. மக்கள் அதிக வயது வாழ்கிறார்கள். பிள்ளைகளைக் குறைவாகப் பெறுகிறார்கள். நாலு பிள்ளைகள் இருந்த காலத்தில், பெரியவர்கள் ஒரு வீட்டில் ஆறு மாதம், இன்னொரு வீட்டில் ஆறு மாதம் என்று இருந்தார்கள். இன்று பல வீடுகளில் ஒரே பிள்ளை. அது மகளாகவும் இருக்கலாம். அப்போது மருமகனோடு சேர்ந்துதான் வீடு.

நிலத்தின் விலையோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே, தாத்தா ஊரில் இருந்த பழைய வீட்டை விற்றுப் பணம் கொடுக்கிறார். மகன் பாங்கியில் கடன் வாங்குகிறான். இரண்டு தலைமுறையின் பணம் ஒரே வீட்டில் போய் விழுகிறது.

பணம் இருவருடையது என்றால், வீட்டில் இடமும் இருவருக்கும் வேண்டும் அல்லவா?

தனி அடுப்பு தவறா?

"பெற்றவர்களைத் தனியாக வைத்துவிட்டான்!" என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் தனிப் பகுதி கட்டுவதில்லை.

ஆனால் வீட்டுக்குள் நடப்பது என்ன? தாத்தா விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறார். உடனே காப்பி வேண்டும். பேரன் தூங்கியதே பன்னிரண்டு மணிக்கு. பாத்திரச் சத்தம் கேட்டு அவன் எரிந்து விழுகிறான். பாட்டிக்கு ரத்தக்கொதிப்பு. உப்புக் குறைத்த குழம்பு வேண்டும். மருமகள் வேலைக்குப் போகிறவள். இரண்டு குழம்பு வைக்க அவளுக்கு நேரமில்லை. யார் மேலும் குற்றமில்லை. என்றாலும் தினம் ஒரு மனத்தாங்கல்.

இரண்டு அடுப்பு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பாருங்கள். நடுவே முற்றம். அதைச் சுற்றி மணமான மகன்களுக்கு ஆளுக்கு ஓர் அறை. கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். பாத்திர பண்டமும் மளிகைச் சாமானும் கொடுத்து, அதே வீட்டிலேயே தனியாகச் சமைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அடுப்பு வேறு, வீடு ஒன்று. நல்லது கெட்டதுக்கு எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். அதை யாரும் சண்டை என்று சொன்னதில்லை.

அன்று மகனுக்குக் கொடுத்த அந்தச் சுதந்திரத்தை, இன்று தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்!

சிங்கப்பூர் அரசாங்கமே இதற்கென்று வீடு கட்டியது. மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் அடுக்குமாடி வீட்டுத் திட்டத்தை 2013-ல் அது கொண்டு வந்தது. நாலு படுக்கை அறை, மூன்று குளியலறை. சுமார் 1,240 சதுர அடி.

அரை கிரவுண்டில் முடியுமா?

முடியும். அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி. 30-க்கு 40 மனை என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் இடம் விட்டு, 24-க்கு 33 அடியில் கீழ்த்தளம் கட்டினால் ஏறக்குறைய 800 சதுர அடி கிடைக்கும்.

அதில் பாதியைப் பெரியவர்களுக்கு ஒதுக்கலாம். 12-க்கு 11 அடி படுக்கை அறை. 12-க்கு 10 அடி கூடம். 8-க்கு 7 அடி சமையலறை. 8-க்கு 6 அடி குளியலறை. சுவர்களையும் சேர்த்தால் சுமார் 400 சதுர அடி. மற்றப் பாதியில் பொதுக் கூடம், பெரிய சமையலறை, மாடிப்படி. மகன் குடும்பத்தின் படுக்கை அறைகள் மாடியில்.

பெரியவர்களுக்குக் கீழ்த்தளம்தான் வேண்டும். "மாடியில் காற்று வரும்" என்று சொல்லி ஏற்றிவிடக் கூடாது. முழங்கால் வலி வந்த பிறகு மாடி ஒரு சிறை!

இரண்டு பகுதிக்கும் நடுவே ஒரு கதவு இருக்க வேண்டும். வெளியே போக அவர்களுக்குத் தனி வாசலும் இருக்க வேண்டும். நடுக்கதவு இல்லாவிட்டால் அவர்கள் வாடகைக்காரர்கள். தனி வாசல் இல்லாவிட்டால் அவர்கள் விருந்தாளிகள்.

அனுமதி பெறுவதும் இப்போது எளிதாகிவிட்டது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று மூலம் இணையதளத்திலேயே அனுமதி தரும் திட்டத்தை 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கியது. இரண்டாவது சமையலறையைப் பிளானில் மறைக்காமல் காட்டிவிட வேண்டும்.

குளியலறையில் கஞ்சத்தனம் கூடாது

வயதானவர்கள் வழுக்கி விழும் இடம் குளியலறை. ஆகவே செலவை வேறு எங்கே குறைத்தாலும் இங்கே குறைக்கக் கூடாது.

பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். சொரசொரப்பான டைல்ஸ் போட வேண்டும். உட்கார்ந்து எழும் இடத்தில் சுவரில் கைப்பிடி வேண்டும். தாழ்ப்பாள், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறப்பது நல்லது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும்!

வாசற்படிகள் மூன்றடி அகலம் இருந்தால் சக்கர நாற்காலி நுழையும். உள்ளே அது திரும்ப ஐந்தடி இடம் வேண்டும். கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டும் ஸ்விட்ச் ஒன்று வேண்டும்.

வாசலில் சாய்வுப் பாதை வைப்பதாக இருந்தால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. வெள்ளம் வரும் பகுதியில் வீட்டை இரண்டடி உயர்த்தினால், பாதைக்கு 24 அடி வேண்டும். அதற்கு இடம் உண்டா என்று என்ஜினீயரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். இடமில்லாவிட்டால், உயரம் குறைந்த படிகளும் இரு பக்கமும் கைப்பிடியும் வேண்டும்.

பத்திரம் பேசட்டும்

இனி வருவதுதான் முக்கியமான விஷயம்.

தாத்தா பழைய வீட்டை விற்ற பணத்தைக் கொடுத்துவிட்டார். மனை மகன் பெயரில் இருக்கிறது. கடனும் மகன் பெயரில். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால், "இது என் வீடு" என்று அவர் எதைக் காட்டிச் சொல்வார்? மகன் நல்லவனாகவே இருக்கலாம். அவன் கடனில் சிக்கினால்? அவனுக்கு ஏதாவது நேர்ந்தால்?

பெரியவர் பணம் போடுகிறார் என்றால், அவர் பெயரும் பத்திரத்தில் பங்காக இருப்பது நல்லது. மனையே அவருடையதாக இருந்து மகனுக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால், தாமும் மனைவியும் உள்ள காலம் வரை அங்கே வாழும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அதைப் பதிவும் செய்துவிட வேண்டும்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது அதன் 23-ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும்.

'நிபந்தனை' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் இந்தப் பிரிவு உதவும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், மத்தியப் பிரதேசத் தாயார் ஒருவர் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவதுதான் புத்திசாலித்தனம். எழுதும் முன் வக்கீல் ஒருவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

மகளையும் மறக்கக் கூடாது. உள்ள பணத்தை எல்லாம் ஒரு மகன் வீட்டில் போட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருந்தால், வழக்கு பின்னால் வரும். எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசிவிட்டால் மனம் சுத்தமாக இருக்கும்.

"பெற்ற பிள்ளையிடம் பத்திரமா?" என்று பாட்டி கண் கலங்குவாள். சந்தேகத்துக்காக எழுதுவதல்ல பத்திரம். சந்தேகமே வராமல் இருப்பதற்காக எழுதுவது!

எழுதாத சட்டங்கள்

சிலவற்றைப் பத்திரத்தில் எழுத முடியாது. பேசித்தான் முடிக்க வேண்டும். நடுக்கதவைத் தட்டிவிட்டு நுழைவது. மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்று முடிவு செய்வது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டிக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் சம்பளமில்லாத ஆயா அல்ல. அவளால் முடியுமா என்று கேட்டுவிட்டு விட்டுச் செல்வது. வாரத்தில் ஒரு நாளாவது எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது.

தாத்தாவுக்கு மண் சட்டியில் சோறு போட்ட மகனின் கதை எல்லோருக்கும் தெரியும். பேரன் அந்தச் சட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்தானாம். "எதற்கடா?" என்று கேட்டதற்கு, "உனக்கு வேண்டுமே அப்பா!" என்றானாம்.

வீடும் அந்தச் சட்டியைப் போலத்தான். முப்பது வருஷம் போனால், மகனுக்கும் முழங்கால் வலிக்கும். அப்போது அவன் மாடியிலிருந்து இறங்கி வந்து தங்கப் போவது எங்கே? இன்று அப்பாவுக்காகக் கட்டும் அந்தக் கீழ்ப் பகுதியில்தான்!

ஆகவே, பிளான் போட உட்காரும்போது, கடைசிக் கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். அதையும் தாத்தா பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களிடமே கேட்க வேண்டும்.