ஏழில் ஆறு பேருக்குத் தெரியாத விதி

அலங்காநல்லூருக்கு ரயில் கிடையாது. மதுரைக்குப் போகும் சாலை கூடல்நகரைத் தொடும்போதுதான் தண்டவாளம் கண்ணில் படும். அங்குள்ள கூட்ஸ் ஷெட்டில் அரிசியும் உரமும் இறங்குகின்றன. இந்தப் பக்கம் வாடிப்பட்டியில் டிராக்டர்கள் ரயிலேறுகின்றன. ரேஷன் கடை மூட்டையோ யூரியாவோ வரத் தாமதமானால்தான் சரக்கு ரயில் என்று ஒன்று ஓடுவதே நமக்கு நினைவுக்கு வருகிறது. ரயில்வே அப்படி மறந்துவிட முடியாது. ஆண்டுக்கு 160 கோடி டன்னுக்கு மேல் சுமக்கும் இந்த வண்டிகள்தான் அதன் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சம்பாதித்துத் தருகின்றன. வீட்டுக்குச் சோறு போடுகிற பிள்ளைக்குக் கடைசிப் பந்தியில் இலை போடுவதுபோலத்தான் அவற்றை ஓட்டுகிறவர்களின் நிலைமை இருக்கிறது.

பயணிகளாகிய நமக்கு இதில் நேரடி அக்கறை இருக்க வேண்டும். உதவி லோகோ பைலட்டாக வேலைக்குச் சேர்கிறவர் லோகோ பைலட் ஆகும்போது முதலில் கைக்கு வருவது கூட்ஸ் வண்டி. பிறகு பாசஞ்சர், அதற்குப் பிறகுதான் மெயில், எக்ஸ்பிரஸ். பாண்டியன் எக்ஸ்பிரஸில் நாம் நிம்மதியாகத் தூங்கிச் சென்னை போகிறோம் என்றால், இன்ஜினில் விழித்திருப்பவர் தொழில் படித்தது கூட்ஸில்.

லேசான படிப்பல்ல அது. நிலக்கரி ஏற்றிய 58 வேகன் வண்டி சுமார் 5,000 டன் எடை. அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். பிரேக் போட்டால் அதன் விளைவு கடைசி வேகனைச் சென்றடையவே சில விநாடிகள் பிடிக்கும். பக்குவம் தெரியாமல் பிரேக்கைக் கையாண்டால் இணைப்பு அறுந்து வண்டி இரண்டாகப் பிரியும். காலி வண்டி நிற்பது ஒரு மாதிரி, லோடு வண்டி நிற்பது வேறு மாதிரி. அம்பாத்துரையிலிருந்து கொடைரோட்டுக்கு இறங்கும் சரிவில் எங்கே பிரேக்கைத் தொட வேண்டும் என்பதை வகுப்பறை சொல்லித் தராது. அதனால்தான் ஒரு தடத்தில் வண்டி ஓட்டும் முன் இரவும் பகலும் அதில் போய்வந்து, சிக்னலையும் வளைவையும் சரிவையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஏற்பாடு. ரோடு லேர்னிங் என்று அதைச் சொல்வார்கள். ஆள் பற்றாக்குறை என்று வந்தால் முதலில் கை வைக்கத் தோன்றுவது இதில்தான்.

பாடம் நடக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ் ஓட்டுநருக்கு லிங்க் உண்டு. எந்த நாளில் எந்த வண்டி என்று முன்கூட்டியே தெரியும். கூட்ஸ்காரருக்குக் ‘கால்’ வரும், பணிப் பதிவு அறையான லாபிக்குப் போய் சைன் ஆன் செய்ய வேண்டும். அது நள்ளிரவாகவும் இருக்கலாம், விடியற்காலையாகவும் இருக்கலாம். போகிற வழியில் எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு லூப் லைனில் எத்தனை மணி நேரம் கிடப்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 ஜூலையில் ரயில்வே அமைச்சர், லோகோ பைலட்களின் சராசரி வேலை நேரம் 8 மணி நேரத்துக்கும் குறைவு என்றார். சராசரி உண்மையாகவே இருக்கட்டும். தூக்கம் சராசரியில் வருவதில்லையே.

2024 ஜூன் 17 காலை, மேற்கு வங்கத்தின் ரங்கபாணி அருகே, கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் ஒரு சரக்கு ரயில் மோதியது. பத்துப் பேர் இறந்தார்கள். சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் அவர்களில் ஒருவர். சில மணி நேரத்துக்குள் ரயில்வே வாரியத் தலைவர், சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்காததுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். பதில் சொல்ல அந்த ஓட்டுநர் உயிரோடு இல்லை. அடுத்த மாதம் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வந்தது. அன்று அதிகாலையிலிருந்தே அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல்கள் பழுதாகியிருந்தன. சிவப்பு சிக்னல்களைத் தாண்டிச் செல்ல அனுமதித்து ஓட்டுநர்களுக்குக் கொடுக்கப்பட்ட படிவமே தவறானது. எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு சிவப்பிலும் ஒரு நிமிடம் நின்று, 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்ல வேண்டும் என்பது விதி. அன்று காலை அந்தப் பாதையில் நுழைந்தவை ஏழு ரயில்கள். விதிப்படி நடந்தது கஞ்சன்ஜங்கா மட்டுமே. மற்ற ஆறும் அதைப் பின்பற்றவில்லை.

ஒருவர் தவறினால் அவரைக் குற்றம் சொல்லலாம். ஏழில் ஆறு வண்டிகள் ஒரே தவறைச் செய்தால் அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவர்களை, சொல்லிக்கொடுக்காதவர்களை, விசாரிக்க வேண்டும். ஆணையரும் அதைத்தான் செய்தார்: லோகோ பைலட்களுக்கும் நிலைய மேலாளர்களுக்கும் தானியங்கி சிக்னல் பகுதியில் வண்டி ஓட்டுவது பற்றிய பயிற்சியும் அறிவுறுத்தலும் போதவில்லை என்று எழுதினார். விதியை மதித்து மெதுவாகப் போன வண்டிதான் பின்னாலிருந்து இடிபட்டது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அந்த விபத்துக்குச் சரியாக 16 நாட்கள் முன்பு, ஜூன் 1 அன்று, நம் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்கள் ஒரு விநோதமான போராட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். வேலைக்கு வர மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஓய்வை முழுதாக எடுப்போம் என்றார்கள். மாதத்துக்கு நான்கு முறை தொடர்ந்து 30 மணி நேரம், அல்லது ஐந்து முறை 22 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது 1989-ம் ஆண்டின் ரயில்வே சட்டம். வழக்கமான 16 மணி நேர ஓய்வை இந்த 30-க்குள் அடக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும் என்பது தொழிலாளர்கள் தரப்பு. தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் இரவுப் பணி கூடாது என்றும் கேட்டார்கள். கிடைத்தது இடைநீக்கமும் இடமாற்றமும். கணக்கில் யார் சரி என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். ஓய்வெடுப்பதே ஒழுங்குமீறலாகும் துறையில் பயிற்சி பற்றிப் பேசுவது வீண் என்றுதான் எனக்குப் படுகிறது. 2025 ஏப்ரலில், பணிக்கு நடுவே சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் நேரம் ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ரயில்வே வாரியம் முடிவெடுத்ததையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். இன்று இன்ஜினில் பெண்களும் இருக்கிறார்கள்.

ஓட்டுவதற்கு மட்டுமல்ல, நிறுத்திவிட்டு இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும். 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவாவில் நிறுத்தியிருந்த 53 வேகன் ஜல்லி வண்டி ஆளில்லாமல் உருண்டு, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பஞ்சாபில்தான் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, அதிர்ஷ்டம். லோகோ பைலட் பணிநீக்கம் செய்யப்பட்டார். கனடாவின் லாக்-மேகாண்டிக் ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2013 ஜூலையில் 72 டேங்கர்களில் கச்சா எண்ணெயோடு சரிவில் நிறுத்தியிருந்த ரயில் இரவில் தானாக உருண்டு ஊருக்குள் கவிழ்ந்து எரிந்ததில் 47 பேர் இறந்தார்கள். ஒற்றை ஆள் ஓட்டி வந்த வண்டி. போட்டிருந்த ஏழு ஹேண்ட் பிரேக்குகள் போதவில்லை. ஆனால் அந்நாட்டு விசாரணை வாரியம் அதோடு நிற்காமல், பயிற்சிக் குறைவும் மேற்பார்வைக் குறைவும் உட்பட 18 காரணங்களை வரிசைப்படுத்தியது. 2018-ல் ஓட்டுநரையும் இரு சக ஊழியர்களையும் நடுவர் குழு விடுவித்தது.

கூட்ஸ் ஷெட்டுக்குத் திரும்பினால், ரயில்வேயின் கணக்கிலேயே வராத ஒரு கூட்டம் உண்டு: சுமைப்பணித் தொழிலாளர்கள். குறித்த நேரத்துக்குள் வேகனைக் காலி செய்யாவிட்டால் டெமரேஜ் கட்ட வேண்டும் என்பதால் வேலை எப்போதும் அவசரம்தான். தலைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி. தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே இழுத்துவிடும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் களத்தில் சில நிமிடம் மாடு பிடிக்க இறங்கும் இளைஞருக்குப் பதிவும் உடல் தகுதிப் பரிசோதனையும் கட்டாயம். 2017 சட்டமும் விதிகளும் அதைக் கொண்டுவந்தன. வேகன் மீது ஏறுகிற ஆளுக்கும் அப்படியொரு அரைநாள் பாதுகாப்புப் பயிற்சியையும் அடையாள அட்டையையும் கட்டாயமாக்கினால் என்ன?

2024 ஜனவரியில் 5,696 உதவி லோகோ பைலட்களை எடுப்பதாக அறிவித்த ரயில்வே, ரங்கபாணி விபத்து நடந்த வாரத்திலேயே அதை 18,799 ஆக உயர்த்தியது. மறு ஆண்டு மேலும் 9,970 பேருக்கு அறிவிப்பு வந்தது. நல்லதுதான். ஆனால் இவர்களோடு இன்ஜினில் ஏறிப் பக்கத்தில் நின்று கற்றுத்தரும் லோகோ இன்ஸ்பெக்டர்களும் அதே வீதத்தில் கூட வேண்டும். ரோடு லேர்னிங்குக்குக் குறைந்தபட்ச நாட்களை எழுத்தில் வைத்து, பற்றாக்குறையைக் காரணம் காட்டி அதைக் குறைக்கும் அதிகாரத்தைக் கோட்ட அலுவலகங்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும். பாதுகாப்பு ஆணையரின் அறிக்கைகள் அதிகாரிகளின் மேசையோடு நின்றுவிடாமல் ஓட்டுகிறவர்களின் கைக்கும் போக வேண்டும். திருச்சி மண்டலப் பயிற்சி நிறுவனத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ரங்கபாணி அறிக்கையைத் தமிழிலும் மலையாளத்திலும் முதல் பாடமாக வைக்கலாம். மதுரை லாபியில் சைன் ஆன் மேசைக்குப் பக்கத்திலும் ஒரு பிரதி கிடக்கலாம். இதற்காகத் தனியாக ஒரு குழு அமைக்கக்கூடத் தேவையில்லை.