கண்முன்னே அணைந்த விளக்கு

"மீட்டர் லைட் போயி ஆறு மாசம் ஆச்சுங்க சார். கைப்பழக்கத்துலயே ஓட்டிருவேன்."

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாடகை அம்பாசிடர் ஒன்றில் இரவுப் பயணமாக வந்துகொண்டிருந்தபோது, ஓட்டுநர் எனக்கு அளித்த விடை இது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த நான், வண்டியின் முகப்புப் பலகை முழுவதும் இருண்டு கிடப்பதைக் கண்டு வினவியிருந்தேன். விடையைக் கேட்டதும் மனநிறைவோடு கண்களை மூடிக்கொண்டேன். வையம்பட்டியைத் தாண்டிச் சிறிது தொலைவு வந்ததும், பானெட்டின் இடுக்குகளிலிருந்து நீராவி சீறிக் கிளம்பியது. ரப்பர் குழாயில் ஏற்பட்ட சிறு கசிவால் ரேடியேட்டரின் நீர் வழிநெடுகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வெப்பமானியின் முள் அதனை நெடுநேரமாகச் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கும். இருளில் எழுதிய கடிதத்தை யார் படிப்பது?

எஞ்சினின் மேல்மூடி வெப்பத்தால் வளைந்துபோயிற்று. வண்டி மூன்று வாரங்கள் பட்டறையில் கிடந்தது. அது அந்த ஓட்டுநரின் சொந்த வண்டி; அந்த மூன்று வாரங்களும் அவர் வீட்டுக்கு வேறு வருவாய் இல்லை. அணைந்துபோயிருந்த மீட்டர் பல்பின் விலையோ சில ரூபாய்களே.

அந்த ஏழை ஓட்டுநரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. கண்டும் காணாமல் உறங்கிய எனக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு. நான் எதிர்த்து வழக்காட விரும்புவது, "பழகிப்போச்சு" என்ற அந்த ஒற்றைச் சொல்லோடுதான்.

முகப்புப் பலகையின் விளக்கு அழகுக்காக வைக்கப்பட்டது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். வேகம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, எஞ்சினின் வெப்பம் எவ்வளவு, மின்கலம் மின்னேற்றம் பெறுகிறதா என்பனவற்றை ஓட்டுநருக்குச் சொல்லும் பலகை அது. பகலில் கதிரவன் அதற்கு ஒளி தருகிறான். இரவில் பட்டாணி அளவேயான நான்கைந்து பல்புகள் தருகின்றன. அவை அணைந்தால் கருவிகள் அனைத்தும் உயிரோடிருந்தும் ஊமையாகிவிடுகின்றன. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்தப் பல்பு இல்லாமலும் வண்டி ஓடும் என்பதுதான் இங்குள்ள ஆபத்து. ஓடுகிற வரையில் எவரும் கவலைப்படுவதில்லை.

"அனுபவம் உள்ளவனுக்கு மீட்டர் எதற்கு? காதே போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. நெடுநேரம் விரைவாகச் சென்றவனுக்கு அந்த விரைவே மெதுவாகத் தோன்றத் தொடங்குகிறது. தாம் வேகத்தைக் குறைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டே பெருவேகத்தில் ஊருக்குள் நுழைவோர் உண்டு. அனுபவம் மிகுந்தவர்க்கும் இந்த மயக்கம் நேரும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வண்டிக்கு வேகமானி வேண்டும் என்று கூறுவது வெறும் சடங்குக்காகவா? வெப்பத்தின் நிலையோ இன்னும் மோசம். முள் முதலிலேயே சொல்லும். மூக்கு கடைசியில்தான் சொல்லும். மூக்கு அறியும் வேளையில் கேடு நடந்து முடிந்திருக்கும்.

இதனினும் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. பல பழைய வண்டிகளில் மீட்டர் விளக்குகளும் பின்புறத்துச் சிவப்பு விளக்குகளும் ஒரே பியூஸின் வழியாக மின்சாரம் பெறுகின்றன. முகப்பு விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்திருந்தால், பல்புகள் எல்லாம் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்பில்லை. பியூஸ் போயிருக்கலாம், அதனோடு வண்டியின் பின்புறமும் இருண்டிருக்கலாம். ஹெட்லைட் தனி வழியில் எரிவதால் ஓட்டுநருக்குச் சாலை தெரிகிறது. பின்னால் வரும் லாரிக்கு அவருடைய வண்டி தெரிவதில்லை. கண்முன் தெரியும் இருள், முதுகுக்குப் பின்னுள்ள இருளின் அறிவிப்பு என்பதை "பழகிப்போச்சு" என்போர் எண்ணிப் பார்ப்பார்களா?

இனி, விளக்கை மாற்ற முன்வருவோரைத் திசைதிருப்பும் இருவகை அறிவுரைகளையும் பார்ப்போம்.

"மீட்டர் செட்டையே மாற்றிவிடலாம்" என்பது பட்டறைகள் சிலவற்றில் கிடைக்கும் முதல் அறிவுரை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதை இது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் வழிவந்த அம்பாசிடர், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை உருவாக்கப்பட்டது. உற்பத்தி நின்றுபோன வண்டிக்குக் கிடைக்கும் மாற்று மீட்டர் பெரும்பாலும் வேறொரு செத்த வண்டியிலிருந்து கழற்றியதாகவே இருக்கும். அது காட்டும் கிலோமீட்டர் கணக்கு அந்த வண்டியுடையது. அன்று முதல் நம் வண்டி தன் வயதைப் பற்றிப் பொய் சொல்லத் தொடங்கும். ஒரு சிறு பல்பின் பொருட்டு இத்தனை செலவும் பொய்யும் தேவையா?

செய்ய வேண்டியது எளிது. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, மீட்டரைப் பிடித்திருக்கும் திருகாணிகளைத் தளர்த்த வேண்டும். பின்னால் வந்து சேரும் வேகமானிக் கேபிளை விடுவித்து, முரட்டுத்தனமின்றி மீட்டரை வெளியே இழுக்க வேண்டும். பின்புறத்தில் ஹோல்டரோடு பல்புகள் செருகப்பட்டிருக்கும். கண்ணாடி கறுத்திருந்தாலோ, உள்ளிழை அறுந்திருந்தாலோ பல்பின் ஆயுள் முடிந்தது. இழை நன்றாயிருந்தும் எரியவில்லையெனில் ஹோல்டரில் துருவோ பாசியோ படிந்திருக்கலாம். எர்த் சரியாகக் கிடைக்காமலிருக்கலாம். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகி பழுதாகியிருக்கலாம். உப்புத்தாள் கொண்டு துடைத்தாலே உயிர்பெறும் விளக்குகள் பல. ஒரு பல்பு போனால் மற்றவையும் அதே வயதினவே. திறந்த கையோடு அனைத்தையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது: முன்பிருந்த அதே வாட் அளவுள்ள பல்பையே போட வேண்டும். இரண்டு மூன்று வாட் பல்பு இருந்த இடத்தில், "நன்றாகத் தெரியட்டும்" என்று ஐந்து வாட் பல்பைச் செருகுவோர் உண்டு. அடைபட்ட அந்தச் சிறு அறையில் வெப்பம் தேங்கும், பிளாஸ்டிக் இளகும், எண்கள் எழுதிய தகடு நிறம் மங்கும்.

இரண்டாவது அறிவுரை புதுமை விரும்பிகளுடையது. "எல்.இ.டி. போடுங்கள், நீல நிறத்தில் ஜொலிக்கும்" என்பார்கள். எல்.இ.டி.யை நான் வெறுக்கவில்லை. அது குறைந்த மின்சாரத்தில் எரிகிறது, மிகக் குறைந்த வெப்பத்தையே வெளிவிடுகிறது, நெடுநாள் உழைக்கிறது. எரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏனெனில் அது ஒரு திசையில் பாயும் மின்சாரத்துக்கே ஒளிரும். இவ்வளவும் சரியே. ஆனால் ஜொலிப்பது எதற்கு?

நம் கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை ஆகிறது. அப்படிப் பாடுபட்டுப் பெற்ற பார்வையைக் கூசும் ஒளி சில நொடிகளில் பறித்துவிடும். மூக்கின்முன் நீலச்சுடரை ஏற்றி வைத்துக்கொண்டு, சாலையோரம் நடந்துசெல்லும் பாதசாரியைத் தேடுவது எங்ஙனம்? பழைய வண்டிகளின் மீட்டர் விளக்கு மங்கலாக இருந்தது ஏழ்மையால் அன்று. பார்க்க வேண்டியதைக் காட்டிவிட்டு, மறுகணமே ஓட்டுநரின் கண்ணைச் சாலைக்குத் திருப்பி அனுப்புவதே அதன் தொழில். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுவதோடு இந்த அலங்காரத்தை ஒப்பிடலாம் என்றால், விளக்குமாறு வருந்தும். பட்டுக்குஞ்சத்தால் எவரும் அடிபட்டுச் சாவதில்லை.

அழகு கருதி எல்லாப் பல்புகளையும் மாற்றுவோர் மற்றொரு வலையிலும் விழுகின்றனர். மின்கலம் மின்னேற்றம் பெறவில்லை என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு வெறும் விளக்கு அன்று. ஆல்டர்னேட்டர் பொருத்திய பல பழைய வண்டிகளில், அந்தப் பல்பின் வழியாகச் செல்லும் மின்சாரமே ஆல்டர்னேட்டரைத் தூண்டி எழுப்புகிறது. அந்த இடத்தில் எல்.இ.டி.யைப் போட்டால் போதிய மின்சாரம் பாயாமல், ஆல்டர்னேட்டர் விழித்தெழ மறுக்கக்கூடும். நள்ளிரவில் மின்கலம் வற்றி வண்டி நின்றுவிடும். ஆகவே அந்தப் பல்பை மட்டுமாவது பழைய வகையிலேயே வைத்திருங்கள்.

இருளோடு சமரசம் செய்துகொள்பவரும், ஒரு பல்புக்காக மீட்டரையே தூக்கியெறிபவரும், கண்ணைப் பறிக்கும் ஒளியை ஏற்றுபவரும் ஒன்றையே மறக்கிறார்கள். தமக்கு உண்மையைச் சொல்லும் கருவிக்கு வேண்டிய ஒளியை, வேண்டிய அளவில் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. வண்டிக்கு வெளிப்பூச்சும் இருக்கைக்குப் புது உறையும் போட ஆயிரக்கணக்கில் செலவிடுகிறோம். அவை பிறர் பார்ப்பவை. மீட்டர் விளக்கையோ ஓட்டுநர் ஒருவர் மட்டுமே பார்க்கிறார். அதனால்தான் அது கடைசி வரையில் காத்திருக்கிறது.

அன்பு வாசகர்களே, பழைய வண்டி வைத்திருப்போர் இன்றிரவே பார்க்கிங் விளக்கைப் போட்டு, மீட்டரில் ஒளி உண்டா என்று பாருங்கள். பின்பு இறங்கி வண்டியின் பின்புறத்தையும் பாருங்கள். வண்டி இல்லாதோர் வாடகைக் காரில் ஏறும்போது அந்தப் பலகையை நோக்குங்கள். அது இருண்டிருந்தால், "தம்பி, இதை நாளைக்கே சரி பண்ணிடுங்க" என்று சொல்லுங்கள். அவர் "பழகிப்போச்சு" என்றால் என்னைப்போல் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பல்புக்கான காசைக் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.